பிடியும் விதியும் – 17: பைக்குள் இருந்த பந்து

1972-ல் சர்வதேச மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரான மிலான் எர்செகான் 2002 வரை அந்தப் பதவியை விட்டு நகரவில்லை என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர், அந்த நாடே சிதறிப்போன பிறகும் தலைவராக நீடித்தவர். அவரையடுத்து வந்தவர் சுவிட்சர்லாந்தின் ரஃபேல் மார்ட்டினெட்டி. அந்தக் கூட்டமைப்பை அந்நாளில் ஃபிலா என்பார்கள். அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஜெனீவா ஏரிக்கரையில் கோர்சியே-சூர்-வெவே என்ற சிற்றூரில் அதற்குத் தலைமையகம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இருக்கும் லோசான் நகரமும் அதே ஏரிக்கரையில்தான், ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் லோசானில் தனக்கு எதிராக என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது ஃபிலாவுக்கு எட்டவில்லை.

2013 பிப்ரவரி 12. லோசானில் ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு கூடியது. லண்டன் ஒலிம்பிக்கில் 26 விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றை நிலையான பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு 2020-ல் புதிதாக ஒன்றுக்கு இடம் தர வேண்டும் என்பது திட்டம். 39 அளவுகோல்களை வைத்து ஒவ்வொரு விளையாட்டையும் எடைபோட்ட அறிக்கை உறுப்பினர்களின் கையில் இருந்தது. டேக்வாண்டோ, ஹாக்கி, நவீன பென்டத்லான் ஆகியவற்றின் தலைதான் உருளும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு சுற்றுச் சுற்றாக நடந்தது. முடிவில் பட்டியலிலிருந்து விழுந்தது மல்யுத்தம்.

கி.மு. 708-ல் ஒலிம்பியாவில் நுழைந்த விளையாட்டு இது. 1896-ல் ஏதென்சில் ஒலிம்பிக் மறுபடி பிறந்தபோதே உடன் பிறந்தது. அதன்பின் 1900 பாரிஸ் ஒன்றைத் தவிர வேறெந்த ஒலிம்பிக்கிலும் விடுபட்டதில்லை. கூட்டம் வராததால் தூக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. லண்டனில் மல்யுத்தத்துக்கு விற்பனைக்கு வைத்த ஏறக்குறைய 1,16,000 டிக்கெட்டுகளில் 1,13,000-க்கும் மேல் விற்றுப்போயின. சிறிய நாடுகளும் பதக்கம் காணும் விளையாட்டு. பாயும் பயிற்சியாளரும் இருந்தால் போதும், வேறு கருவி வேண்டாம். இப்படிப்பட்ட ஒன்றை எடுத்தெறிந்ததற்கான காரணத்தைச் செயற்குழு உறுப்பினர்கள் யாரும் வாக்குச்சீட்டில் எழுத வேண்டியிருக்கவில்லை. நவீன பென்டத்லானின் சர்வதேசச் சங்கத்தில் துணைத் தலைவராக இருந்த சமரான்ச் இளையவர் அந்தச் செயற்குழுவிலும் உறுப்பினர். மல்யுத்தத்துக்காகப் பேச அந்த அறையில் ஓர் ஆள் இல்லை. இந்த ஏற்பாடு நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் அந்த அறிக்கையில் ஃபிலாவைப் பற்றி எழுதியிருந்தவை பொய்யல்ல. முடிவெடுக்கும் குழுவில் வீரர்களின் பிரதிநிதி இல்லை. பெண்களுக்கென்று ஒரு குழு இல்லை. நடுவர்களுக்கும் தொழில்நுட்ப அதிகாரிகளுக்கும் நெறிமுறை விதிகள் இல்லை. மருத்துவர் ஒருவர்கூட நிர்வாகத்தில் இல்லை. பெண்களுக்கு உலக சாம்பியன் போட்டி தொடங்கியது 1987-ல், ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 2004-ல். போட்டியிடப் பெண்கள் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நிர்வாகம் அவர்களை உட்கார வைத்துப் பேசவில்லை. அறிவிப்பைக் கேட்டுத் தாங்கள் பெரிதும் திகைத்துப்போனதாக ஃபிலா அறிக்கை விட்டது. அந்தத் திகைப்பு நடிப்பல்ல என்றுதான் நினைக்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத ஒரு சபைக்கு வெளியில் நடப்பது எப்படித் தெரியும்?

இது ஒரே நாளில் வந்த நோயல்ல. இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து நம்மோடு வரும் ஒரு கேள்வியை இங்கே மறுபடி எடுக்க வேண்டும்: இருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன செய்வது? மல்யுத்தத்தை ஆள்பவர்கள் எல்லாக் காலத்திலும் தட்டுத்தடுமாறியது இந்த ஒரே இடத்தில்தான்.

1912 ஸ்டாக்ஹோம் நினைவிருக்கும். எஸ்தோனியாவின் மார்ட்டின் கிளைன், ரஷ்யப் பேரரசின் பெயரில் களம் இறங்கியவர். எதிரே பின்லாந்தின் ஆல்ஃபிரட் அசிகாய்னென். திறந்தவெளியில், கோடை வெயிலில், 11 மணி 40 நிமிடம். கடைசியில் கிளைன் வென்றார். ஆனால் தங்கத்துக்கான போட்டிக்கு எழுந்து நிற்க அவரிடம் தெம்பு மிஞ்சவில்லை. அதே ஒலிம்பிக்கில் இன்னொரு எடைப்பிரிவின் இறுதிப் போட்டி ஒன்பது மணி நேரம் நடந்தும் முடியவில்லை. நடுவர்கள் நிறுத்திவிட்டு, ஸ்வீடனின் ஆல்கிரேனுக்கும் பின்லாந்தின் பேலிங்குக்கும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். தங்கத்தை யாருக்கும் தரவில்லை. யாராவது விழும்வரை நடக்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு வாரமே காட்டிவிட்டது. தனிக் கூட்டமைப்பு ஒன்று வேண்டும், எல்லோருக்கும் பொதுவான விதிகள் வேண்டும் என்ற பேச்சு அதன்பிறகு வலுத்து, 1921-ல் லோசானில் கூட்டமைப்பு உருவான கதையை நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம்.

நூறாண்டுக்குப் பக்கமாக வந்து, 2005-ல் ஃபிலா அதே கேள்விக்கு ஒரு விடை கண்டது. அந்த விடை ஒரு பந்து.

அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒரு போட்டி இரண்டிரண்டு நிமிடங்களாக மூன்று சுற்று. இரண்டு சுற்றை வென்றவர் போட்டியை வென்றவர். ஒவ்வொரு சுற்றின் புள்ளிகளும் அந்தச் சுற்றோடு கழிந்துவிடும். முதல் சுற்றில் ஆறு புள்ளி அள்ளியவர், அடுத்த இரண்டு சுற்றுகளை 0–1, 0–1 என்று விட்டால் தோற்றவர் ஆவார். மொத்தக் கணக்கில் ஆறுக்கு இரண்டு. கையைத் தூக்குவதோ இரண்டு எடுத்தவருடையதை. ஃப்ரீஸ்டைலில் ஒரு சுற்று புள்ளியே இல்லாமல் முடிந்தால் நடுவர் ஒரு பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுப்பார். சிவப்புப் பந்து வந்தால் சிவப்பு உடையில் நிற்பவருக்கு யோகம், நீலம் வந்தால் நீலக்காரருக்கு. யோகம் அடித்தவர் எதிராளியின் ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்பவர் முப்பது நொடி தாக்குப்பிடித்தால் புள்ளி அவருக்கு. தாக்குப்பிடிப்பவர் குறைவு. காலைப் பிடிக்கக் கிடைத்தவர் பெரும்பாலும் அந்தச் சுற்றை எடுத்துக்கொண்டு போனார்.

இதை எண்ணிப் பாருங்கள். ஆறேழு வயதில் பயிற்சிக்கூடத்துக்குப் போகத் தொடங்கி, எடையைக் குறைத்தும் ஏற்றியும், காது நசுங்கி, விரல் பிசகி, இருபது ஆண்டு கழித்து உலக மேடைக்கு வந்து நிற்கிறான் ஒருவன். அவன் பதக்கத்தை ஒரு பந்தின் நிறம் முடிவு செய்கிறது. அந்த விதியை எழுதியவர்களின் நோக்கம் கெட்டதல்ல. தொலைக்காட்சிக்காக ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தார்கள். விளைவு நேர்மாறாக வந்தது. முதல் சுற்றில் முன்னேறியவர் அடுத்த சுற்றில் தற்காத்துக்கொண்டே நின்றார். பந்தை நம்பித் தாக்காமல் இருப்பதும் ஒரு உத்தியானது. புதிதாகப் பார்க்க வந்தவருக்கு யார் முந்துகிறார், ஏன் கை தூக்கினார்கள் என்பதே விளங்கவில்லை. வீரர்களும் பயிற்சியாளர்களும் இந்த விதியை வெறுத்தார்கள். அவர்களைக் கேட்டு எழுதிய விதியல்ல என்பதால், அவர்கள் வெறுப்பு எட்டு ஆண்டுகளுக்கு எந்த அலுவலகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

2008 பெய்ஜிங்கில் இதே சுவரில் இன்னொருவர் மோதினார். ஸ்வீடனின் ஆரா ஆப்ரஹாமியன், கிரேக்க-ரோமன் பாணியில் 84 கிலோ, இருமுறை உலக சாம்பியன். அரையிறுதியில் இத்தாலியின் மிங்குட்சியிடம் தோற்றார். தனக்கு எதிராகப் போன தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி அவர் தரப்பு கேட்டது. கேட்க யாரும் இல்லை. வெண்கலம் வாங்க மேடை ஏறியவர் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றினார், இறங்கி வந்து பாயின் நடுவில் வைத்தார், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஒலிம்பிக் கமிட்டி பதக்கத்தைப் பறித்தது. அவர் செய்தது முறையா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் மறு ஆண்டு விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னதில் வாதாட இடமில்லை: போட்டி நடக்கும்போதே வீரரின் முறையீட்டை உடனடியாகக் கேட்க ஃபிலாவில் ஒரு குழு இருந்தாக வேண்டும் என்றது அது. வெளியிலிருந்து ஒரு மன்றம் வந்து சொல்லும்வரை அது இல்லாமலே காலம் ஓட்டியிருந்தார்கள்.

ஆகவே 2013 பிப்ரவரியில் விழுந்த அடி எங்கிருந்து வந்தது என்பதில் மல்யுத்தக்காரர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. லோசான் மீது கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகச் சொந்த வீட்டின் மீது இருந்தது.

நான்கே நாளில், பிப்ரவரி 16 அன்று, தாய்லாந்தின் புக்கெட்டில் ஃபிலாவின் நிர்வாகக் குழு கூடியது. மார்ட்டினெட்டி மீது நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. தேவையான ஆதரவு கிடைக்கவில்லை. அவர் விலகினார். செர்பியத் தொழிலதிபர் நெனாத் லாலோவிச் இடைக்காலத் தலைவரானார். எர்செகானின் முப்பது ஆண்டும் மார்ட்டினெட்டியின் பதினோரு ஆண்டும் ஒரு பிற்பகலில் முடிந்தன.

வெளியே வீரர்கள் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. 1996 அட்லாண்டாவில் தங்கம் வென்றவரும் ஏழு முறை உலக சாம்பியனுமான பல்கேரியாவின் வாலென்டின் யோர்தானோவ் தம் ஒலிம்பிக் தங்கத்தை ஒலிம்பிக் கமிட்டிக்கே திருப்பி அனுப்பினார். இரு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆர்மென் நசார்யான் அதே நாட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அமெரிக்காவில் பழைய வீரர்கள் சேர்ந்து ஒலிம்பிக் மல்யுத்தத்தைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். 1972 மியூனிக்கில் ஒரு புள்ளிகூட இழக்காமல் தங்கம் வென்ற டான் கேபிள், அறுபதைக் கடந்த வயதில் ஊர் ஊராகப் பேசப் போனார்.

பிப்ரவரி வாக்கெடுப்பிலிருந்து செப்டம்பரில் இறுதி முடிவு வரும்வரையான ஏழு மாதங்களில் என் மனதில் மிக ஆழமாகப் பதிந்தது தெஹ்ரான்தான். வாக்கெடுப்பு நடந்து பத்து நாள் ஆகவில்லை. ஆசாதி அரங்கில் ஃப்ரீஸ்டைல் உலகக் கோப்பை. ஏற்கெனவே குறித்து வைத்திருந்த போட்டி. அமெரிக்க அணி வந்து இறங்கியது. 1980 முதல் இரு நாட்டுக்கும் தூதரக உறவு கிடையாது. அணுத் திட்டத்துக்காகப் பொருளாதாரத் தடைகள் இறுகிக்கொண்டிருந்த காலம். லண்டன் இறுதிப் போட்டியில் ஈரானின் சாதெக் குதர்ஸியை வீழ்த்தித் தங்கம் வென்ற ஜோர்டன் பரோஸ், குதர்ஸியின் நாட்டில் அவரோடு மறுபடி மோதி மறுபடி வென்றார். அரங்கம் தங்கள் ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்திய பிறகு பரோஸுக்கும் கைதட்டியது. ஈரானில் மல்யுத்தம் மக்களின் விளையாட்டு. நல்ல பிடி யாருடையதாக இருந்தாலும் மதிக்கத் தெரிந்த கூட்டம் அது. 1998-லேயே இதே நகரத்தில் தக்தி கோப்பைக்கு அமெரிக்க மல்யுத்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு ஈரான் மண்ணை மிதித்த முதல் அமெரிக்க விளையாட்டு அணி அதுதான். தூதர்கள் அடைத்து வைத்த கதவை இவர்கள் பதினைந்து ஆண்டுகளாகத் திறந்து வைத்திருந்தார்கள். லோசானின் 39 அளவுகோல்களுக்குள் இதை எங்கே எழுதுவது?

மே 15 அன்று ஈரான் அணி நியூயார்க் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் உள்கூடத்தில் பாய் விரித்து அமெரிக்கா, ஈரான், ரஷ்யா மூன்றும் மோதின. அமெரிக்கா ரஷ்யாவை 8–1 என வென்று, ஈரானிடம் 6–1 எனத் தோற்றது. அன்று ஸ்கோரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேறெதிலும் ஒத்துப்போகாத மூன்று அரசுகள் ஒரே கோரிக்கையோடு ஒரே பாயில் நின்ற படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

மூன்று நாள் கழித்து, மே 18 அன்று மாஸ்கோவில் ஃபிலாவின் சிறப்புப் பொதுக்குழு. அதுதான் இந்த அத்தியாயத்தின் உண்மையான மையம் என்பேன். லாலோவிச் முறைப்படி தலைவராகத் தேர்வானார். பெண்களுக்கென ஒரு துணைத் தலைவர் பதவி வந்தது. வீரர்களின் குரல் நிர்வாகத்துக்குள் நுழைந்தது. பின்னர் ஆட்ட விதிகளுக்கு வந்தார்கள். மூன்று சுற்று போய், மூன்று நிமிடமாக இரண்டு பகுதி. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை புள்ளிகள் கூடிக்கொண்டே வரும், கூடுதலாக எடுத்தவர் வென்றவர். எதிராளியைக் கீழே கொண்டுவந்து கட்டுப்படுத்தினால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. துணிந்து தாக்குகிறவனுக்கு அதுதான் கூலி. தயங்கி நிற்பவனை நடுவர் எச்சரிப்பார். முப்பது நொடிக்குள் அவன் ஏதாவது செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. பையும் பந்தும் போய்ச் சேர்ந்தன.

ஸ்டாக்ஹோம் கேள்விக்கு இது மூன்றாவது விடை. விழும்வரை நடக்கட்டும் என்பது முதல் விடை, குலுக்கிப் போட்டுப் பார்ப்போம் என்பது இரண்டாவது. விட்டுக்கொடுக்காத இருவரில் யார் முயல்கிறார் என்று பார் என்கிறது மூன்றாவது. முந்தைய இரண்டும் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தவை. இது பாயில் நின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தது. குறை இல்லாத விதி என்று நான் சொல்லமாட்டேன். யார் தயங்குகிறார் என்பதைத் தீர்மானிப்பதும் ஒரு நடுவரின் கண்தான். அந்தக் கண்ணைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டையை எழுப்ப இப்போது வழி இருக்கிறது. தீர்ப்பு தவறென்று நினைக்கும் பயிற்சியாளர் கையிலிருக்கும் மெத்தென்ற கட்டையைப் பாய்க்குள் எறிந்தால் ஒளிப்பதிவைப் பார்த்தாக வேண்டும்.

மே 29 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய அதே ஒலிம்பிக் செயற்குழு, கராத்தே, வூஷு, ஸ்போர்ட் கிளைம்பிங் உட்பட எட்டு விளையாட்டுகளிலிருந்து மூன்றைப் பொறுக்கியது. பிப்ரவரியில் தூக்கி எறிந்த மல்யுத்தத்தை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. கூட பேஸ்பால்-சாஃப்ட்பால், ஸ்குவாஷ். ஸ்குவாஷ்காரர்களுக்காக எனக்கு வருத்தம் உண்டு. பல ஆண்டுகளாக வாசலில் நின்றவர்கள் அவர்கள். உள்ளே இருந்த ஒருவரை வெளியே தள்ளி மறுபடி வரிசையில் நிறுத்தியதால் புதியவருக்கான இடம் என்ற பேச்சே பொருளிழந்துபோனது.

செப்டம்பர் 8, பியூனஸ் அயர்ஸ். ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக ஜாக் ரோக் நடத்திய கடைசி மாநாடு. முந்தைய நாள் 2020 ஒலிம்பிக் டோக்கியோவுக்குப் போயிருந்தது. மல்யுத்தத்துக்காகப் பேச வந்தவர்களைப் பாருங்கள்: வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள், கனடாவுக்குப் பெண்கள் மல்யுத்தத்தில் முதல் ஒலிம்பிக் தங்கம் தந்த கரோல் ஹுயின், நைஜீரியாவில் பிறந்து கனடாவுக்காகச் சிட்னியில் தங்கம் வென்ற டேனியல் இகாலி, பெண்களுக்கு இடம் கிடைத்த முதல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரான்சின் லீஸ் லெக்ரான். ஓராண்டுக்கு முன்வரை இவர்களில் யாரையும் ஃபிலா தன் முகமாகக் காட்டியதில்லை. மல்யுத்தத்துக்கு 49 வாக்குகள், பேஸ்பால்-சாஃப்ட்பாலுக்கு 24, ஸ்குவாஷுக்கு 22. முதல் சுற்றிலேயே முடிந்தது. 2020-க்கும் 2024-க்கும் இடம் உறுதியானது.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரியோவில் பெண்களின் எடைப்பிரிவுகள் நான்கிலிருந்து ஆறாயின. மொத்தம் 18-ஐத் தாண்டக்கூடாது என்பதால் ஆண்களின் இரு பாணிகளும் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தன. 2014-ல் ஃபிலா என்ற பெயர் போய் யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்ட்லிங் என்ற பெயர் வந்தது. லாலோவிச் 2015-ல் ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினரானார். 2018-ல் அதன் செயற்குழுவிலேயே அமர்ந்தார். 2013-ல் பேச ஆளில்லாத அறையில் இப்போது ஆள் இருக்கிறார். எத்தனை ஆண்டு ஒரே ஆள் இருக்கலாம் என்பது எர்செகானின் கதையைப் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. லாலோவிச்சும் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டார்.

புதிய விதிகளில் முதல் உலக சாம்பியன் போட்டி, வாக்கெடுப்பு முடிந்து எட்டு நாளில் புடாபெஸ்டில் தொடங்கியது. இந்தியா அதுவரை காணாத அறுவடை அங்கே கிடைத்தது. ஃப்ரீஸ்டைலில் அமித் குமார் வெள்ளியும் பஜ்ரங் புனியா வெண்கலமும் எடுத்தார்கள். சந்தீப் துளசி யாதவ் கிரேக்க-ரோமனில் வெண்கலம் வென்றார். அந்தப் பாணியில் இந்தியாவுக்கு உலகப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம் அது.

அந்தப் பஜ்ரங்கே பத்தாண்டு கழித்து, 2023-ல், வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் ஆகியோரோடு டெல்லி ஜந்தர் மந்தர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகார் கூறியிருந்தார்கள், அவர் மறுத்தார். மே 28 அன்று காவல்துறை அவர்களை இழுத்துச் சென்றது. இரண்டு நாள் கழித்து உலகக் கூட்டமைப்பு அதைக் கண்டித்து, 45 நாளுக்குள் தேர்தல் நடத்தாவிட்டால் இடைநீக்கம் என்று எச்சரித்தது. தேர்தல் நடக்கவில்லை. ஆகஸ்டில் இடைநீக்கம் வந்தது. அடுத்த மாதம் பெல்கிரேடில் நடந்த உலகப் போட்டியில் இந்திய அணி தேசியக் கொடியின்றிக் கூட்டமைப்பின் பெயரில் களமிறங்கியது. 53 கிலோவில் வெண்கலம் வென்ற அந்திம் பங்காலின் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இல்லை. வீரர்களைக் கேட்காமல் நடந்ததற்காக ஒருகாலத்தில் தண்டனை வாங்கிய அமைப்பு, இப்போது ஓர் உறுப்பு நாட்டைத் தண்டித்தது. அந்தத் தண்டனையின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)